தவிட்டுச் சாடியைத் தேடிய இருவர்

விருந்தை விவரித்துப் பெயர்பெற்ற கதைகளும் திரைப்படங்களும் உலகில் பல உண்டு. வெள்ளித் தட்டுகளையும் ஆவி பறக்கும் பண்டங்களையும் நிறைந்த கோப்பைகளையும் வரிசையாகக் காட்டிவிட்டால் பார்ப்பவர் நாவில் நீர் ஊறிவிடும். கலைஞனின் வேலையில் பாதி முடிந்துவிடும். ஆனால் வீட்டில் மிஞ்சிய சோற்றை வைத்துக்கொண்டு ஒரு கதையை அதன் உச்சத்துக்குக் கொண்டுசெல்வது அத்துணை எளிதன்று. ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு, 1952-ஆம் ஆண்டு வெளிவந்த தம் திரைப்படம் ஒன்றில் அதைச் செய்து பார்த்தார். படத்தின் பெயர் 'ஒச்சாசுக்கே நோ அஜி'. 'தேநீர்ச் சோற்றின் சுவை' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒச்சாசுக்கே என்பது சமையல் என்று சொல்லத்தக்க சமையலே அன்று. மிஞ்சிய சோற்றைக் கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் சூடான பச்சைத் தேநீரை ஊற்றி, உப்பிலோ தவிட்டிலோ ஊறிய காய்த்துண்டுகளைக் கடித்துக்கொண்டு உண்பது. நேரங்கழித்து வீடு திரும்பியவருக்கும், மது அருந்திவிட்டு வயிற்றுக்கு இதமாக ஏதேனும் வேண்டும் என்பவருக்கும் அது ஏற்ற உணவு. பழைய சோற்றையும் நீராகாரத்தையும் அறிந்த நம் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் சோற்றில் புளிப்பு. அவர்கள் சோற்றில் தேயிலையின் மெல்லிய துவர்ப்பு. அவ்வளவே வேறுபாடு.

ஓசு 1903-இல் பிறந்து 1963-இல், தம் அறுபதாம் பிறந்தநாளன்றே மறைந்தவர். அவருடைய 'டோக்கியோ கதை' 1953-இல் வந்தது. 2012-இல் உலகத் திரைப்பட இயக்குநர்களிடையே நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் அதற்கு முதலிடம் கிடைத்தது. அப்பெரும்புகழின் நிழலில், ஓராண்டு முந்திய 'தேநீர்ச் சோறு' சற்று மங்கிப்போனது உண்மை. ஓசுவை நேசிப்பவர்களிலேயே இதை இரண்டாம் வரிசைப் படமாகக் கருதுவோர் உண்டு. அக்கருத்தை நாம் முற்றாக மறுக்கப் போவதில்லை. படத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அக்குறையையும், அதனைத் தாண்டி நிற்கும் ஒரு காட்சியையும் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

கதை சிறியது. டோக்கியோவில் வாழும் மொக்கிச்சிக்கும் தாயெக்கோவுக்கும் பிள்ளைகள் இல்லை. பெரியோர் பார்த்து முடித்த மணம். அவர் நாட்டுப்புறத்திலிருந்து வந்து நிறுவனம் ஒன்றில் நல்ல நிலைக்கு உயர்ந்தவர். அவளோ செல்வர் வீட்டுப் பெண். கணவர் சோற்றின்மேல் 'மிசோ' சாற்றை ஊற்றி உறிஞ்சி உண்பது அவளுக்குப் பிடிப்பதில்லை. அவர் புகைக்கும் மலிவான 'அசாஹி' சிகரெட்டும் பிடிப்பதில்லை. மூன்றாம் வகுப்பில் பயணம் செய்வதில் அவருக்குள்ள விருப்பமோ அறவே பிடிப்பதில்லை. தோழியரிடம் அவரைப் பற்றிப் பேசும்போது 'மந்தம்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரையே வைத்திருக்கிறாள். கணவரிடம் பொய் சொல்லிவிட்டுத் தோழியரோடு ஷுசென்ஜி வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகிறாள். அங்கே குளத்தில் மெல்ல நீந்தும் கெண்டை மீன் ஒன்றைக் காட்டி, இதோ என் கணவர் என்று சொல்லி எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அந்த விடுதிக் காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓசுவின் படங்களில் ஆண்கள் கூடிக் குடிக்கும் காட்சிகள் ஏராளம். சிறிய பீங்கான் குடுவையில் இளஞ்சூடாக வரும் அரிசி மதுவைத் தமக்குத் தாமே ஊற்றிக்கொள்ளாமல் ஒருவர் மற்றவருடைய கிண்ணத்தில் ஊற்றுவது அந்நாட்டு வழக்கம். அந்தச் சிறு உபசாரத்தின் நடுவேதான் அவருடைய மாந்தர்கள் தம் மனத்தைத் திறப்பார்கள். இங்கே அந்த உரிமையைப் பெண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தளர்ந்த பருத்தி ஆடை, நீட்டிய கால்கள், பாட்டு, கேலி. தாயெக்கோ தன் வீட்டில் ஒருநாளும் இவ்வளவு இயல்பாக இருந்ததில்லை. தன் கணவர் விரும்பும் ஒட்டுறவும் கூச்சமின்மையும் அவளுக்கும் தெரியாதவை அல்ல. அவை அவளுக்கு அவரிடத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதை ஓசு ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டிவிடுகிறார்.

பூசல் முற்றுவது தாயெக்கோவின் அண்ணன் மகளால். பெண் பார்க்கும் சடங்குக்காகக் கபுக்கி நாடக அரங்குக்கு அழைத்துச் செல்லப்பட்ட செட்சுகோ அங்கிருந்து நழுவி மாமாவிடம் ஓடிவருகிறாள். அவர் அவளைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார், அவள் போகவில்லை. பிறகு அவளை மறைக்க அவரும் ஒரு பொய் சொல்ல, அது வெளிப்பட்டுவிடுகிறது. தாயெக்கோ பேச்சை நிறுத்துகிறாள். அடுத்து ஒருநாள் உணவு வேளையில் அவர் வழக்கம்போலச் சாற்றைச் சோற்றில் ஊற்றப்போக, அவள் எழுந்து போய்விடுகிறாள். அவர் மன்னிப்புக் கேட்கிறார். கேட்டுவிட்டு, தமக்கு ஏன் இவையெல்லாம் பிடித்திருக்கின்றன என்று விளக்குகிறார்: மலிவான சிகரெட்டிலும் மூன்றாம் வகுப்பிலும் ஒரு நெருக்கம் இருக்கிறது, வெளிப்பூச்சு இல்லை, மனம் தளர்ந்து இருக்கலாம் என்பது அவர் வாதம்.

இப்படத்தை முதன்முறை பார்த்தபோது நாம் முழுக்க மொக்கிச்சியின் பக்கமே நின்றோம். நிற்காமல் என்ன செய்வது? சின் சபுரி என்னும் நடிகர் அவரை அத்தனை பொறுமையோடும் கனிவோடும் நடித்திருக்கிறார். எளிய உணவை விரும்புகிறவர், குரலை உயர்த்தாதவர், பணிப்பெண்ணிடம் அவள் வீட்டைப் பற்றி அன்போடு விசாரிக்கிறவர். இப்படிப்பட்டவரைப் பழிக்கும் மனைவிமேல் நமக்குச் சினமே வந்தது. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தோம். அவர் சோற்றில் ஊற்றும் அந்தச் சாற்றைக் காய்ச்சியவர் அவர் அல்லர். அவர் மனைவியும் அல்லள். சமையலறை ஃபூமி என்னும் பணிப்பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. எளிமையைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேசும் அம்மனிதர், அந்த எளிமை எந்த அடுப்பிலிருந்து வருகிறது என்பதை எட்டிப் பார்த்ததே இல்லை.

மூன்றாம் வகுப்பும் அப்படித்தான். முதல் வகுப்புக்குப் பணம் உள்ளவர் மூன்றாம் வகுப்பை விரும்புவது ஒரு சுவை. பணம் இல்லாதவர் அதில் ஏறுவது தேவை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் குழப்பமே மிஞ்சும். ஓசுவுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் நொபோரு என்னும் இளைஞனைக் கதைக்குள் கொண்டுவருகிறார். மொக்கிச்சியின் இறந்துபோன நண்பருடைய தம்பி அவன். இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவன். அவன் செட்சுகோவை ஒரு சிறு 'ராமென்' கடைக்கு அழைத்துப்போகிறான். இருவரும் அருகருகே அமர்ந்து கிண்ணத்தின்மேல் குனிந்து உறிஞ்சுகிறார்கள். இத்தகைய உணவு சுவையாக இருந்தால் மட்டும் போதாது, மலிவாகவும் இருக்க வேண்டும் என்று அவன் ஒரு கொள்கையை அறிவிக்கிறான். அவன் பையில் உள்ள காசுக்கு அக்கொள்கை பொருந்துகிறது. ஆகவே அது உண்மையாக ஒலிக்கிறது. படத்திலேயே பசியோடு உண்ணும் காட்சி என்று ஒன்றைச் சொல்வதானால் அதையே சொல்வோம்.

இதற்குள் மறைந்து கிடக்கும் ஒரு பழைய கதையையும் வாசகர் அறிய வேண்டும். ஓசு 1937 முதல் 1939 வரை சீனப் போர்முனையில் படைவீரராக இருந்தார். திரும்பி வந்தவுடன் அவர் எழுதியது இக்கதையைத்தான். அப்போது கணவன் புறப்படுவது போர்முனைக்கு. புறப்படுமுன் மனைவியோடு அமர்ந்து தேநீர்ச் சோறு உண்கிறான். 1940-இல் தணிக்கையாளர்கள் அதை ஏற்கவில்லை. நாட்டுக்காகப் போருக்குப் போகிறவனுக்குச் செம்பயறு சேர்த்து ஆக்கிய மங்கலச் சோறு அல்லவா பரிமாற வேண்டும், தேநீர் ஊற்றிய சோறா என்பது அவர்கள் எழுப்பிய தடைகளுள் ஒன்று. ஓசு திரைக்கதையை மாற்றி எழுத மறுத்து, மூடி வைத்துவிட்டார். ஒரு கிண்ணம் மிஞ்சிய சோறு ஓர் அரசாங்கத்துக்கு ஏன் உறுத்தியது என்பதை எண்ணிப் பார்க்கையில், அத்தணிக்கையாளர்கள் மந்தமான வாசகர்கள் அல்லர் என்றே தோன்றுகிறது. மங்கலச் சோறு ஊரார் அனைவரும் பார்க்க உண்பது. தேநீர்ச் சோறு இருவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உண்பது. அந்த அறைக்குள் நாட்டுக்கு இடமில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, போர் முடிந்து, அயலார் ஆட்சியும் 1952 ஏப்ரலில் நீங்கிய பின்னர், கோகோ நோடாவுடன் சேர்ந்து ஓசு அத்திரைக்கதையைத் திருத்தினார். இப்போது கணவர் போவது போர்முனைக்கு அன்று. உருகுவே நாட்டுக்கு, அலுவல் காரணமாக. இங்கேதான் படம் தளர்கிறது. திரும்பி வராமலே போகலாம் என்னும் அச்சம் இருந்த இடத்தில் ஓர் அயல்நாட்டு மாறுதல் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய காயத்தின் தடம் ஒரே ஓர் இடத்தில் தெரிகிறது. மொக்கிச்சி போரில் தம்கீழ்ப் பணியாற்றியவனை ஒரு 'பச்சிங்கோ' சூதாட்டக் கடையின் உரிமையாளனாகச் சந்திக்கிறார். இருவரும் மது அருந்துகிறார்கள். அவன் சிங்கப்பூர் நாட்களை நினைத்துப் பழைய பாட்டு ஒன்றைப் பாடுகிறான். இப்படிப்பட்ட விளையாட்டு பரவிக் கிடக்கும்வரை உலகம் உருப்படாது என்று, அதை நடத்திப் பிழைக்கும் அவனே சொல்கிறான். அவ்வேடத்தில் சிஷூ ரியூ வருவது சில நிமிடங்களே. ஆனால் அந்த மதுக் கிண்ணத்தின் கசப்பு படம் முடிந்த பின்னும் நாவில் நிற்கிறது.

மனைவி கோபித்துக்கொண்டு சொல்லாமல் கோபேக்கு அருகிலுள்ள சுமாவுக்குப் போய்விடுகிறாள். அந்நேரம் பார்த்துப் பயணம் முடிவாகிறது. தந்தி கொடுக்கிறார்கள், அவள் வரவில்லை. விமான நிலையத்தில் மற்ற அனைவரும் நிற்க, அவள் இல்லாமலே அவர் புறப்படுகிறார். பிறகு வெறுமையான வீட்டுக்கு வந்துசேர்கிறாள். அன்றிரவே, விமானத்தில் பழுது நேர்ந்ததால் அவர் திரும்பி வருகிறார். கதைப்போக்குக்கு இது சற்றே வசதியான பழுதுதான், இருக்கட்டும், பொறுத்துக்கொள்வோம். ஏனெனில் அடுத்து வருவது அந்தச் சமையலறை.

அவருக்குப் பசிக்கிறது. ஃபூமி உறங்கிவிட்டாள், எழுப்ப வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் தம் வீட்டுச் சமையலறைக்குள் விருந்தாளிகளைப்போல நுழைகிறார்கள். சோறு எங்கே இருக்கும்? கிண்ணங்கள் எந்த அலமாரியில்? தவிட்டுச் சாடி எங்கே? ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் அகப்படும்போது புதையல் எடுத்தவர்கள்போல் மகிழ்கிறார்கள். தாயெக்கோ சாடிக்குள் கைவிட்டுத் தவிட்டைத் துழாவிக் காயை எடுக்கிறாள். அவளுடைய கிமோனோவின் நீண்ட கை நனைந்துவிடாதபடி அவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். அவள் காயை நறுக்குகிறாள், பழகாத கை. பின்னர் தன் விரல்களை முகர்ந்து பார்க்கிறாள். புளித்த தவிட்டின் நெடி எளிதில் போவதன்று.

இதை ஓசு விரைவுபடுத்தவில்லை. சமையலறையில் நடப்பதையெல்லாம் நடக்கும் வேகத்திலேயே காட்டுகிறார். முற்பகுதியில் மொக்கிச்சி வாய்விட்டு உரைத்த கொள்கை முழுவதும் நம்மிடம் செய்யாத வேலையை, கிமோனோவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நிலை செய்துவிடுகிறது. மலிவான உணவு இன்பமா என்பதன்று இங்கே கேள்வி. முதன்முறையாக இருவரும் தம் உணவைத் தாமே எடுத்துக்கொள்கிறார்கள். முதன்முறையாக அவர் அவளுடைய வேலையில் ஒரு கையாவது கொடுக்கிறார். அமர்ந்து உண்ணும்போது, மணவாழ்க்கை என்பது இந்தத் தேநீர்ச் சோற்றின் சுவைதான் என்ற பொருளில் அவர் ஒன்று சொல்கிறார். பலரும் மேற்கோள் காட்டும் இடம் அது. நமக்கோ அச்சொல் தேவையற்றதாகவே படுகிறது. சாடியைத் தேடியபோதே சொல்லியாயிற்று.

குறை என்று முன்னே சொன்னோம். அது இதற்குப் பின் வருகிறது. தாயெக்கோ அழுகிறாள், தன் தவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறாள், மறுபடியும் தோழியர் நடுவே அமர்ந்து, கண்ணீரோடு அந்த இரவை விவரிக்கிறாள். அவள் முழுவதுமாக வளைந்துவிட்டாள். அவர் பக்கத்தில் வளைய வேண்டியது ஒன்றுமே இல்லையா? பிள்ளையில்லாத அப்பெரிய வீட்டில் நாள்தோறும் அவள் என்ன செய்தாள், அவர் ஒரு மாலையாவது அவளோடு எங்கேனும் போனாரா என்று படம் கேட்பதில்லை. அவளைக் கெண்டை மீன் பொழுதுபோக்குக்குத் தள்ளிய வெறுமையில் அவருக்கும் பங்கு உண்டு. தேநீர்ச் சோற்றை விரும்பாதது ஒரு பெண்ணின் பிழை, விரும்பியது ஓர் ஆணின் பண்பு என்று கணக்கு முடிந்துவிடுவது நமக்கு ஒப்பவில்லை. எளிய சோறே போதும், ஒரு துவையல் இருந்தால் போதும் என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு அம்மிக்கு அருகிலும் போகாத ஆண்களை நம் வீடுகளிலும் கண்டிருக்கிறோம். அவர்களுள் நாமும் ஒருவராய் இருந்த நாட்கள் உண்டு.

இதே காலத்தில் இக்கேள்வியை நேராகக் கேட்ட வேறொரு படம் இருக்கிறது. மிக்கியோ நருசே 1951-இல் இயக்கிய 'மெஷி'. சோறு, உணவு என்பதே அச்சொல்லின் பொருள். அவ்வாண்டு மறைந்த ஃபுமிக்கோ ஹயாஷி முடிக்காமல் விட்ட நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒசாக்காவில் ஒரு சிறிய வீடு, சொற்பச் சம்பளம், பணிப்பெண் இல்லை. செட்சுகோ ஹாரா நடித்த அம்மனைவிக்குச் சோறு என்பது சுவையன்று. விடிந்தால் ஆக்க வேண்டியது, ஆக்கினால் கழுவ வேண்டியது. கணவனுடைய அண்ணன் மகள் விருந்தாளியாக வந்து தங்கியதும், இழுத்துப்பிடித்து நடத்திய குடும்பக் கணக்கு ஆட்டம் காண்கிறது. அவளும் கோபித்துக்கொண்டு டோக்கியோவிலுள்ள தாய்வீட்டுக்குப் போகிறாள். அங்கே கணவன் வந்து சேர, இருவரும் சிறிய உணவுக்கடை ஒன்றில் அமர்ந்து பீர் அருந்துகிறார்கள். யாரும் ஆக்கிப் போடாத, யாரும் கழுவ வேண்டாத அந்த இரண்டு கோப்பைகளின் முன்னேதான் அவள் முகம் தளர்கிறது. அவள் திரும்பிப் போகிறாள். ஆனால் தான் எதற்குத் திரும்புகிறோம் என்று அறிந்தே போகிறாள். நருசேயின் பெண்ணை நாம் மிகுதியாக நம்புகிறோம்.

ஆயினும் ஓசு இக்கேள்வியை மறந்துவிட்டவர் அல்லர் என்பதற்குச் சான்று அவருடைய கடைசிப் படம். 1962-இல் வந்த அதன் பெயர் 'சன்மா நோ அஜி'. சன்மா என்னும் இலையுதிர்கால மீனின் சுவை என்று பொருள். ஏழையர் வீட்டிலும் சுட்டு உண்ணும் மலிவான மீன் அது. வேடிக்கை என்னவெனில், படம் முழுவதும் தேடினாலும் அம்மீன் ஓரிடத்திலும் கண்ணில் படாது. வேறொரு மீன் வருகிறது. பழைய மாணவர்கள் கூடித் தம் முதிய ஆசிரியருக்கு மதுவும் உணவும் அளிக்கிறார்கள். செவ்வியல் சீனம் கற்பித்தவர் அவர். இப்போது மகளோடு ஒரு சிறிய நூடுல்ஸ் கடை நடத்திப் பிழைக்கிறார். கிண்ணத்தில் இருப்பதைச் சுவைத்து, இது என்ன மீன் என்று கேட்கிறார். 'ஹாமோ' என்கிறார்கள். உடனே அப்பெயரை எழுதும் எழுத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறார். எழுத்தை வாழ்நாளெல்லாம் கற்பித்தவர். சுவையை அன்றுதான் அறிகிறார். கூடியிருப்போர் சிரிக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கடையில், தந்தைக்காகவே மணமாகாமல் நின்றுவிட்ட மகள், குடித்துத் திரும்பிய தந்தையைப் பார்த்து அழுகிறாள். அதைக் கண்ட பின்னரே அம்மாணவர்களுள் ஒருவரான ஹிராயாமாவுக்குத் தம் மகள் மிச்சிக்கோவின் நினைவு உறைக்கிறது. தாயில்லாத அவ்வீட்டில் தந்தைக்கும் தம்பிக்கும் ஆக்கிப் போடுகிறவள் அவள். முன்னாள் கடற்படைத் தலைவரான அவர், தம்கீழ்ப் பணியாற்றிய ஒருவனோடு சிறிய மதுக்கடையில் விஸ்கி அருந்தியபடி, நாம் போரில் தோற்றதே நல்லது என்று சொல்லும் இடத்தில், 1940-இன் தணிக்கையாளர்களுக்கு ஓசு காலங்கடந்து அளித்த விடையைக் கேட்கிறோம். அப்படத்தில் நடித்தவரும் அதே சிஷூ ரியூதான்; பத்தாண்டுகளுக்கு முன்னர் சூதாட்டக் கடையில் பாடியவர்.

மிச்சிக்கோவின் திருமணம் முடிகிறது. அன்றிரவு அவர் நண்பர்களோடும், பிறகு மதுக்கடையில் தனியாகவும் குடித்துவிட்டு வீடு வருகிறார். மணமான மூத்த மகனும் மருமகளும் விடைபெற்றுப் போய்விடுகிறார்கள். இளைய மகன் படுத்துக்கொண்டு, நாளைக் காலையில் சோறு நானே ஆக்குகிறேன், தூங்குங்கள் என்று குரல் கொடுக்கிறான். வீட்டுக்குள் வந்ததும் அக்காவிடம் சோறு கேட்டுப் பழகிய பையன் அவன். மாடியில் மகளின் அறை இருண்டு கிடக்கிறது. ஹிராயாமா கூடத்தின் கோடியிலுள்ள சமையலறைக்குப் போகிறார். ஓசு எழுந்து அவரோடு போகவில்லை, தொலைவிலிருந்தே பார்க்கிறார். கெண்டியைத் தூக்கி ஒரு கோப்பையில் ஊற்றி அவர் தனியாகக் குடிக்கிறார். பின்னர் அங்கே கிடக்கும் நாற்காலியில், முதுகைக் காட்டியபடி அமர்ந்துகொள்கிறார்.